இருபது ரூபாய் கேலரி

அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மூன்று ஆண்களும் நூறு ரூபாய் டிக்கெட்டை விட்டு இறங்குவதாக இல்லை. கத்தரிக்காய் வெந்துவிட்டதா என்று கரண்டியால் நசுக்கிப் பார்த்தபடியே கலைமணி காதைக் கூடத்தில் வைத்திருந்தாள்.

சேரப்பணஞ்சேரியில் ஆடி கழிந்ததும் செவன்ஸ் பந்தாட்டம் நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்தாட்டம். நடத்துகிற மன்றத்துக்குச் செயலாளர் அவள் வீட்டுக்காரன் நடேசன். ஒரகடத்தில் பிரேக் செய்கிற கம்பெனி ஒன்றில் லைன் லீடர். வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக்கு உழைப்பான், ஏழாம் நாள் பந்துக்கு. ஊருக்கு மேற்கே மனை போட்டு விற்காமல் கிடக்கிற நிலத்தில், எல்லைக் கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மைதானம் போட்டிருந்தார்கள்.

"போன வருஷம் பைனலுக்கு எத்தினி தல வந்துச்சி?" என்றான் நடேசன். "கேலரில நாலு பேரு காலு நீட்டிப் படுத்துக்கினு இருந்தான். கப்பு குடுக்கச் சொல்லோ ஜெயிச்ச டீமு கேப்டன் என்கிட்ட இன்னா கேட்டான் தெரியுமா? 'அண்ணா, பைனல் எப்ப'ன்னான்."

ராஜாமணி சிரித்தான். நடேசனுக்குச் சித்தப்பா மகன். பந்தல் போடுவது தொழில். கல்யாணத்துக்கு ஷாமியானா, கட்சிக் கூட்டத்துக்கு மேடை, பந்தாட்டத்துக்கு கேலரி. "சிரிக்காதடா," என்றான் நடேசன். "எனக்கு அன்னிக்கி மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. இந்த வருஷமும் ஆளு வரலைன்னா எந்த டீமும் வர மாட்டான். நூறு ரூவா டிக்கெட்டு இருக்கட்டும். நல்ல டீமா கூப்புடுவோம். ஆளு தானா வரும்."

"அதான் சரி அண்ணே," என்றான் ஏசுவடியான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். நடேசனின் கம்பெனியிலேயே மெயின்டனன்ஸ் வேலை. பந்தாட்டத்தில் மைக் அவனுடையது. "வெலையக் கொறச்சா மதிப்பு போயிரும். எங்கூர்ல கோயில் திருநாளுக்கு டோர்னமெண்ட் நடக்கும். பொம்பளையாளுவகூட முன்னாடியே டிக்கெட்டு எடுத்து வச்சிருவாளுவ. இருவது ரூவாய்க்கு வித்தா குடிகாரப் பயலுவதான் வருவானுவ."

"உங்கூர்ல கடலு கீது, பந்து கீது. வேற இன்னா கீது?" என்றான் ராஜாமணி. "இங்க தெருவுக்கு நாலு பிரியாணிக் கடை, கைல போனு. அதுலயே வெளிநாட்டு மேட்ச்செல்லாம் பாக்கறான். நம்ம பசங்க ஆடறத எதுக்குடா வந்து பாக்கணும்?"

"நேர்ல பாக்கது மாதிரி வருமா அது?"

"வராது. ஆனா நூறு ரூவா மிச்சம்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. கலைமணி தட்டுகளோடு கூடத்துக்கு வந்தாள். வல்லம் வடகாலில் வண்டிக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அவளோடு லைனில் நிற்கிற பிள்ளைகள், ஹாஸ்டலில் அடைந்து கிடக்கிற பையன்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்று லாரிகளைப் பார்க்கிறவர்கள், எல்லாரையும் அவளுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "ஹாஸ்டல் பசங்க ஒரு பைக்குல மூணு பேரா வர்றவன். ஆளுக்கு நூறுன்னா கேட்டோட வண்டியத் திருப்பிடுவான். இருபது வைங்க. பொம்பளைங்களுக்கு ஃப்ரீயா வுடுங்க. காலைல போன ஏ ஷிப்ட் பஸ்ஸு ஆளுங்கள எறக்கி வுட்டப்பறம் ஆட்டத்த ஆரம்பிங்க. வடக்கத்திப் பசங்க டீமு ஒண்ணு கீதில்ல வல்லத்துல, அவங்களையும் கூப்புடுங்க. ஆளு வருதா இல்லையான்னு அப்பறம் பேசுங்க."

மூன்று பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்கள்.

"மதினி சொல்லுததும் நாயமாத்தான் தெரியுது," என்றான் ஏசுவடியான் கடைசியில்.

*

கூட்டம் வந்தது. முதல் வாரமே வந்தது. இரண்டாம் வாரம் படப்பையிலிருந்தும் பென்னலூரிலிருந்தும் வந்தார்கள். லைனில் கலைமணிக்குத் தனி மரியாதை கிடைத்தது. பக்கத்தில் நின்று வயர் கட்டுகிற எழிலரசி, "உன் டிக்கெட்டுதானாமே அது" என்று கேட்டபோது அவளுக்கு உள்ளே இனித்தது. மகள் சுபஸ்ரீ ஒன்பதாவது படிக்கிறாள். கூடப் படிக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு கேலரியின் மேல்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் வல்லத்துக் கம்பெனி விளக்குகள் வரைக்கும் தெரியுமாம்.

செமி பைனல் அன்று கலைமணி கேலரிக்குப் பின்னால் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே கோல் விழுந்தது. மேலே இருந்த அத்தனை பேரும் எழுந்து குதித்தார்கள். சவுக்குக் கட்டைகளைத் தரையில் நட்டு, குறுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் பலகை அடித்த கேலரி அது. எட்டு வரிசை. எண்ணெய்ச் சட்டிக்குள் மண் உதிர்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலரி மொத்தமும் ஒரு பக்கமாகப் போய், கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பி வந்தது.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே அதைச் சொன்னாள்.

"ஆடுனாத்தான் கேலரி," என்றான் நடேசன். "ஆடாத கட்டதான் ஒடியும்னு ராஜாமணி சொல்றான். அவன் எத்தினி வருஷமா கட்றான்."

"எத்தினி வருஷமா கட்டுனாலும் ஆளு ஏறுனது இந்த வருஷந்தானேங்க. போன வருஷம் நாலு பேரு படுத்துக்கினு இருந்தான்னு நீங்கதான சொன்னீங்க."

நடேசன் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

"அந்த மேக்கால மூலைல முன்ன கால்வாய் ஓடுச்சாமே. மேல மண்ணக் கொட்டித் தூத்துருக்கான் மனைக்காரன். மழ வேற பேஞ்சிக்கினே கீது. டிக்கெட்ட அம்பதாக்கிடுங்க பைனலுக்கு. பாதி ஆளு கொறஞ்சிடும்."

நடேசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீதான் எறக்கச் சொன்ன. இப்ப நீயே ஏத்தச் சொல்ற. பைனலுக்கு வெல ஏத்துனா மூஞ்சில காறித் துப்புவான். ஆளக் கூட்டிட்டுக் கழுத்த அறுக்கறான்னு சொல்லுவான். ஆகாது கலை."

"அப்ப இத்தினி டிக்கெட்டோட நிறுத்திடுங்க. கேலரிக்கு எத்தினி பேரு தாங்கும்னு ராஜாமணியக் கேட்டு அதோட மூடிடுங்க."

"நானூறுன்னான்."

"நானூறோட மூடுங்க."

"சரி. மூடிடறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்தான். அந்த நம்பிக்கையில் அவள் தூங்கினாள். ஆனால் பைனலுக்கு முந்தின நாள் சாயங்காலமும் இடி இடித்துக் கொட்டித் தீர்த்தது. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடி அவள் மேற்கு மூலையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

பைனல் அன்றைக்கென்று பார்த்து ஓ.டி. போட்டுவிட்டார்கள். முடியாது என்று சொன்னால் கான்ட்ராக்ட் ஆளை மறுநாளே வேறு லைனுக்குத் தூக்கிப் போடுவார்கள். கம்பெனி பஸ் கிளம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் பைக்குகள், ஷேர் ஆட்டோக்கள். நடந்து போகிற கூட்டம் ரோட்டையே அடைத்துக்கொண்டிருந்தது. பென்னலூர்ப் பையன்கள் மஞ்சள் துணியைக் கம்பில் கட்டிப் பிடித்திருந்தார்கள். வல்லத்து ஹாஸ்டல்களிலிருந்து வடக்கத்திப் பையன்கள் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். பைனலில் மோதுவது இந்த இரண்டு டீமும்தான்.

"ஒன் வூட்டுக்காரரு ஊரையே கூட்டிட்டாரு," என்றாள் எழிலரசி.

கலைமணி நடேசனுக்குப் போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். இத்தனை பேரும் எங்கே போய் உட்காருவார்கள்? நானூறோடு மூடியிருந்தால் இவர்கள் ஏன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள்?

"எழில், நான் எறங்கி நடக்கறேன்."

"இன்னும் தூரம் கீதுடி."

அவள் இறங்கிவிட்டாள். நடந்தாள், பிறகு ஓடினாள். செருப்பில் சேறு ஒட்டிக் கனத்தது. மைதானத்து வாசலில் டிக்கெட் மேஜை கவிழ்ந்து கிடந்தது. டிக்கெட் கொடுக்கிற பையனைக் காணவில்லை. வேலிக்குக் கட்டியிருந்த பச்சைத் துணியை ஒரு பக்கம் கிழித்து அந்த வழியாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கேலரியில் பலகையே தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன. ஓரக் கட்டைகளில் தொற்றிக்கொண்டு இருந்தார்கள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றிருந்தார்கள். மேல்வரிசையில், மேற்கு மூலையில், சுபஸ்ரீயின் பச்சைத் துப்பட்டா. இரண்டு பக்கமும் அவள் சிநேகிதிகள். அவளுக்கு முன்னால் ஏழு வரிசை ஜனம்.

கலைமணி கேலரிக்குப் பின்னால் போய்க் குனிந்து அடியில் நுழைந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. மேலே ஆயிரம் கால்கள் தேய்கிற சத்தம். மேற்கு மூலையில் ராஜாமணி ஒரு கட்டையைத் தோளால் முட்டுக் கொடுத்தபடி நின்றிருந்தான். அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் கல் வைத்து அண்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டையின் அடி சேற்றுக்குள் முழங்கால் ஆழம் போயிருந்தது. கயிற்று முடிச்சுகள் முறுகி நீர் சொட்டின.

"ராஜாமணி."

"அண்ணி, சத்தம் போடாத." அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "எறங்கிக்கினே கீது அண்ணி. நான் முட்டுக் குடுத்துக்கினு கீறேன். யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா எல்லாரும் ஒண்ணா எந்திரிப்பான். எந்திரிச்சா போச்சு."

"எம்பொண்ணு மேல கீறாடா."

"தெரியும்."

"கோலு வுழுந்தா?"

ராஜாமணி தோளை இன்னும் அழுத்திக்கொண்டான். வியர்வை வழிகிற முகத்தோடு அவளையே பார்த்தான்.

மேலே ஏசுவடியானின் குரல் மைக்கில் வேகம் எடுத்தது. பென்னலூர் டீம் பந்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒருத்தனைத் தாண்டிவிட்டது. அடுத்தவனையும். கால்களின் தேய்ப்பு நின்றது. மேலே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அடியில் நின்றவளுக்குத் தெரிந்தது. கலைமணியும் ஓடிப்போய் அந்தக் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று உதடு அசைந்தது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. பாதி ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். அதற்கே கட்டை அவள் கைக்குள் வழுக்கிக்கொண்டு ஒரு சாண் இறங்கியது. மேலே எங்கோ பலகை ஒன்று கிறீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்து மைக் மேஜைக்கு ஓடினாள். மைதானத்துக்கு நடுப்பக்கம் எல்லைக் கோட்டை ஒட்டி மேஜை போட்டிருந்தது. நடேசன் போலீஸ்காரர் ஒருவரிடம் கூட்டத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சட்டை கிழிந்திருந்தது. அவளைப் பார்த்ததும், "நிறுத்துனேன் கலை. சத்தியமா நிறுத்துனேன். வேலியப் பிச்சிக்கினு வந்துட்டான்," என்றான்.

அவள் அவன் காதில் சொன்னாள். அவன் மைக் பக்கம் திரும்பினான்.

"எல்லாரையும் எறங்கச் சொல்லு ஏசு," என்றான் நடேசன்.

"சொல்லாத தம்பி," என்றாள் அவள். "ஒண்ணா எந்திரிச்சா வுழுந்துடும்."

"டிக்கெட்டுக் காசத் திருப்பித் தரோம்னு சொல்லுவோம்."

"அதுக்கு இன்னும் ஓடி வருவாங்க. கீழ் வரிசைலருந்து ஒவ்வொண்ணா எறக்கணும். மேல கீறவங்க எந்திரிக்கவே கூடாது. பயந்துடவும் கூடாது." பேசுவது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மேலே இருக்கிற பச்சைத் துப்பட்டாவைப் பார்க்காமல் பேசினாள்.

ஏசுவடியான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவளையும் கேலரியையும் மாறி மாறிப் பார்த்தான். நடேசன் ரெப்ரியை நோக்கி நடந்தான். ஓடவில்லை. ஓடினால் பார்ப்பார்கள். ரெப்ரி விசில் ஊதினார். இடைவேளை.

ஏசுவடியான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். பிறகு மைக்கில் அவன் குரல் கல்யாண வீட்டில் பேசுகிறவன் குரல்போல வந்தது.

"நண்பர்களே, எங்கூர்ல கேலரி கெடையாது. கோட்டுக்கு வெளிய மணல்லதான் உக்காருவோம். பந்து போற காத்து மூஞ்சில அடிக்கும். அந்த ருசிய உங்களுக்கும் காட்டணும்னு கமிட்டி முடிவு பண்ணிருக்கு. கீழ் வரிசைக்காரங்க மொதல்ல வாங்க. கீழ சேறு கெடக்கு, செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிடுங்க. மேல உள்ளவங்க உக்காந்த எடத்துலயே இருங்க. கூப்பிடுதேன். அதுவரைக்கும் பாட்டுப் போடுதேன்."

அதையே தனக்குத் தெரிந்த இந்தியில் ஒருமுறை சொன்னான். அவன் இந்தியைக் கேட்டு வடக்கத்திப் பையன்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முதல் வரிசை இறங்கியது. செருப்பைக் கழற்ற வேண்டியிருந்ததால் யாராலும் வேகமாக வர முடியவில்லை.

இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசை. கலைமணி கேலரிக்கு முன்னால் போய் நின்றாள். இறங்குகிறவர்களுக்குக் கை கொடுத்தாள். "மெள்ள வாம்மா. மெள்ள வா தம்பி. வழுக்கும்." யாரோ பிள்ளையை நீட்டினார்கள், வாங்கிக் கீழே விட்டாள்.

அப்போது சுபஸ்ரீ அம்மாவைப் பார்த்துவிட்டாள். மேலே இருந்து கை ஆட்டினாள். எழுந்து, முன்வரிசைக்காரர்களின் தோளைப் பிடித்து இறங்கக் காலை எடுத்து வைத்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் எழுந்தார்கள்.

கலைமணி கையை உயர்த்தினாள். வா என்று சொல்லத்தான் உடம்பு முழுக்கத் தவித்தது. அவள் மட்டும் வந்துவிட்டால் போதும். ஆனால் அவளைப் பார்த்து அந்த வரிசை எழும். அதைப் பார்த்து மற்றது எழும். உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்கார் என்று அழுத்தினாள். சுபஸ்ரீ நின்றபடி பார்த்தாள். கலைமணி மறுபடியும் கையை அழுத்தினாள்.

சுபஸ்ரீ உட்கார்ந்தாள்.

நான்கு, ஐந்து. அடியிலிருந்து கிறீச்சிடுகிற சத்தம் இப்போது பாட்டையும் மீறிக் கேட்டது. ஆறாம் வரிசையில் ஒருவன் அதைக் கேட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. "இன்னா கட்டடா இது" என்று ஆரம்பித்தான். "எறங்குப்பா, அப்பறம் பேசலாம்" என்று கலைமணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஏழாம் வரிசை கொஞ்சம் அவசரமாகத்தான் வந்தது. கடைசியில் மேல்வரிசை. பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு பலகை பலகையாக இறங்கினார்கள். சுபஸ்ரீயின் கை தன் கைக்குள் வந்ததும் கலைமணி அவளை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. கயிறு அறுகிற சத்தமும், எருமை சேற்றில் படுப்பதுபோல ஒரு சத்தமும். திரும்பியபோது மேற்கு மூலை உட்கார்ந்திருந்தது. இறங்காமல் மேலேயே போட்டோ எடுக்க நின்றுவிட்ட இரண்டு பேர் பலகையோடு சறுக்கி வந்து விழுந்தார்கள். சிராய்ப்போடு எழுந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் அலறியது, ஓடியது.

"ராஜாமணி உள்ள கீறான்," என்று கத்திக்கொண்டே நடேசன் கட்டைகளை இழுத்தான். கூட இருந்த ஆட்கள் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவன் மட்டும் கடைசி வரைக்கும் தோளை எடுக்கவில்லை. இரண்டு டீம் பையன்களும் சேர்ந்து கட்டைகளைத் தூக்கி அவனை எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்தபடி, "எல்லாம் எறங்கிட்டாங்களா அண்ணி" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

*

ராஜாமணிக்கு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்தார்கள். நடேசனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். அனுமதி வாங்காத கேலரி என்று கேஸ். அவன் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வாசலில் பென்னலூர்ப் பையன்கள் கொஞ்சம் பேர் பைக்கை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி மேட்ச்சுக்குப் பாதிக் காசு தர வேண்டும் என்றான் ஒருவன். நூறு ரூபாயாகவே வைத்திருந்தால் இந்தக் கூட்டம் வந்திருக்காது என்றான் இன்னொருவன். நூறு வைத்திருந்தால் நீ வந்திருப்பாயா என்று மூன்றாமவன் கேட்டான். கலைமணி கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு வந்தாள். அரிசி களையும்போது பாதி தரையில் சிந்தியது.

சுபஸ்ரீ வந்து குந்தி உட்கார்ந்து சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினாள். நேற்றிலிருந்து அம்மாவிடம் அவள் பேசவில்லை.

"எம்மா. வுழப்போவுதுன்னு தெரிஞ்சிதான் ஒக்காரச் சொன்னியா?"

கலைமணி குழாயை மூடினாள். பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"தெரிஞ்சிதான்."

சுபஸ்ரீ அரிசியிலிருந்த மண்ணை ஊதினாள்.

"எனக்கும் தெரியும்மா," என்றாள். "நீ எப்பவும் சத்தம் போட்டுத்தான் கூப்புடுவ. தெருக் கோடிக்குக் கேக்கும். நேத்து வாயவே தொறக்கல. கைய மட்டும் காட்டுன. அப்பவே எனக்குப் பயம் வந்துடுச்சி. அதான் ஒக்காந்தேன். சைடுல இருந்ததுங்க கையையும் புடிச்சி ஒக்கார வச்சேன்."

அள்ளிய அரிசியை அவள் பாத்திரத்தில் போட்டாள். கலைமணி தண்ணீருக்குள்ளிருந்த கையை எடுக்கவே இல்லை. அந்தக் கையின்மேல் மகள் தன் கையை வைத்தாள்.